ரேடியோக்காரர் பதில்கள்: மலைப்பாட்டும் அம்பாவும்

துபாயில் இருக்கும் என் மகன் எந்நேரமும் அமெரிக்க ‘கன்ட்ரி’ பாட்டுக் கேட்கிறான். “பழைய கன்ட்ரி செத்துப்போச்சு, இப்ப வர்றது வேற” என்று கூட இருப்பவர்களோடு சண்டையும் போடுகிறானாம். அது என்ன பாட்டு? ஏன் செத்தது?
– வாசகர், கீழக்கரை

உங்கள் மகனோடு ஒரு நாள் உட்கார்ந்து பேச ஆசையாக இருக்கிறது. பாம்பனில் 28 வருஷம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கடல் தாண்டி வந்த எத்தனையோ பாட்டில் இதுதான் எனக்கு நெருக்கம்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பக்கத்திலும் தென் மாநிலங்களிலும் சம்சாரிகளும் சுரங்கத்தில் இறங்கியவர்களும் பாடிய பாட்டு அது. கதைப்பாட்டும் பிடிலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களோடு போனவை. பான்ஜோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட மக்களின் வாத்தியம். ஸ்டீல் கிட்டார் ஹவாய் தீவில் பிறந்தது. நம் நாதஸ்வரத்தில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவார்களே, அந்த இழைவு அதில் உண்டு. என்னைப் பிடித்துக்கொண்டது முதலில் அதுதான்.

1927 கோடையில் ரால்ஃப் பீர் என்பவர் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக பிரிஸ்டல் என்ற ஊருக்கு வந்தார். டென்னசிக்கும் வர்ஜீனியாவுக்கும் நடுவிலுள்ள ஊர், எல்லைக்கோடு கடைத்தெருவிலேயே ஓடும். காலியாகக் கிடந்த ஒரு தொப்பிக் கம்பெனிக் கட்டடத்தில் ஒலிப்பதிவு மெஷினை வைத்துக்கொண்டு, பாடத் தெரிந்தவர்களை வரச் சொன்னார். மலையிலிருந்து கார்ட்டர் குடும்பம் இறங்கி வந்தது. ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல். மேபெல் அப்போது நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. அதே வாரத்தில் ஜிம்மி ரோஜர்ஸும் அங்கே பாடினார். ரயிலில் பிரேக் வேலை பார்த்தவர். சின்ன வயதில், தண்டவாளம் நகர்த்தும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்து, அவர்கள் பாடும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர். காசநோயில் 35 வயதில் போய்விட்டார்.

அந்தத் தண்டவாளப் பாட்டைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது எனக்கு 9 வயது. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் கடலுக்குள் கிடந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார்கள். கரைப்பக்கம் கேங்மேன்கள் கடப்பாரை போட்டுத் தண்டவாளத்தை நெம்பும்போது ஒருவர் “ஏலேலோ” என்பார், மற்றவர்கள் “ஐலசா” என்று ஒரே மூச்சில் தள்ளுவார்கள். அமெரிக்காவிலும் அதே வேலை, அதே முறை. இரும்பு கனம், ஆள் பலர், எல்லாருடைய பலமும் ஒரே நொடியில் சேர வேண்டும். பாட்டு இல்லாமல் அது சேராது.

சரி, ஏன் செத்தது என்று கேட்டீர்கள். செத்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஓரமாகத் தள்ளினார்கள். 1950களின் கடைசியில் நாஷ்வில் நகரத்து இசைத்தட்டுக்காரர்கள் பட்டணத்து வீடுகளிலும் விற்க வேண்டும் என்று நாட்டுப்புற பாணிப் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் குறைத்துவிட்டு, சினிமாப் பாட்டு மாதிரி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் வைத்தார்கள். மூக்கால் பாடும் அந்த மலைக்குரலை மெழுகிப் பளபளப்பாக்கினார்கள். அப்புறம் 1996-இல் வந்த ஒரு சட்டம், ஒரே கம்பெனி எத்தனை வானொலி நிலையங்களை வேண்டுமானாலும் நாடு முழுக்க வாங்கலாம் என்றாக்கியது. பல ஊர் நிலையங்களில் ஒரே பாட்டு வரிசை ஓட ஆரம்பித்தது. அந்தந்த ஊர்க்காரர் அந்தந்த ஊர்ப் பாட்டைப் போட்ட காலம் சுருங்கியது. ஒரு நிலையத்தை முள் நகர்த்திப் பிடிப்பதே என் பிழைப்பாக இருந்தது. எங்கே நகர்த்தினாலும் ஒரே சத்தம் வந்தால் முள் எதற்கு?

ஆனால் ஜானி கேஷ் என்ற பழைய கன்ட்ரி பாடகரைப் பாருங்கள். வானொலிகள் அவரை மறந்துவிட்ட பிறகு, 1994-இல், பெரும்பாலும் தயாரிப்பாளர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து தன் ஒரே கிட்டாரோடு பாடியதை இசைத்தட்டாக்கினார். சின்னப் பிள்ளைகள் தேடி வந்து கேட்டார்கள். ரால்ஃப் ஸ்டான்லி என்ற மலைக்கிழவர், வாத்தியமே இல்லாமல் சாவைப் பற்றி ஒரு படத்துக்காகப் பாடிய பாட்டுக்கு, 2002-இல் 75 வயதில் கிராமி என்ற இசை விருது வாங்கினார். மகனுக்கு இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அப்பாவுக்கும் தெரியும் என்றால் சந்தோஷப்படுவார்.

என் தாத்தா வள்ளத்தில் போனவர். ஆங்கிலம் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் கிறிஸ்துமஸ் ராத்திரியில் ஜிம் ரீவ்ஸ் பாட்டை மெட்டு மாறாமல் முனகுவார். எப்படித் தெரிந்தது?
– வாசகி, தங்கச்சிமடம்

இலங்கை வானொலி, அம்மா. தலைமன்னார் நமக்குக் கூப்பிடு தூரம். திருச்சி நிலையம் கரகரக்கும் ராத்திரியிலும் கொழும்பு, பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி தெளிவாக வரும். தமிழ் நிகழ்ச்சி முடிந்ததும் சும்மா முள்ளைத் திருப்பினால் ஆங்கில ஒலிபரப்பு. அதில் அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ். நம் பக்கத்திலும் இலங்கையிலும் அவருக்கு அப்படி ஒரு மவுசு. குரலை உயர்த்தவே மாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி பாடுவார். என் கடைக்கு ரேடியோ கொண்டுவந்த மண்டாடி (மீன்பிடிக் குழுவின் தலைவர்) ஒருவர், “எல்லாம் கேட்குது, அந்தத் தணிஞ்ச குரல்காரர் மட்டும் இரையுறார், அதைச் சரி பண்ணு” என்றார். பெயர் தெரியாது, குரல் தெரியும்.

ஜிம் ரீவ்ஸ் 1964 ஜூலை 31 அன்று, தானே ஓட்டிய சின்ன விமானத்தில், நாஷ்வில் பக்கத்தில் இடிமழையில் சிக்கி இறந்தார். வயது 40. ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் அதற்குப் பிறகும் பல வருஷம் வெளிவந்தன. உங்கள் தாத்தா கேட்டபோது அவர் உயிரோடு இல்லாமலேகூட இருந்திருக்கலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே நான் குறைப்பட்டுக்கொண்ட அந்த மெழுகின நாஷ்வில் இசைக்கு முக்கியமான குரலே ஜிம் ரீவ்ஸ்தான். பிடில் போனதால்தான் அவர் பாட்டு நம் கரை வரைக்கும் வந்தது என்றுகூடச் சொல்லலாம். இந்தக் கணக்கை நான் இன்னும் தீர்க்கவில்லை. அவர் குரல் கேட்டால் மனசு இளகத்தான் செய்கிறது.

தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு லாரியைப் பற்றிப் பாடினால் கன்ட்ரி ஆகிவிடுமா?
– வாசகர், மண்டபம்

லாரி ஓட்டியவன் பாடினால் ஆகும்.

கரையில் நின்று கரைவலை இழுக்கும்போது பாடும் நம் அம்பாப் பாட்டைப் பதிவு செய்ய ஆசை. ஊரில் கேட்டால் “அதெல்லாம் மறந்துபோச்சு” என்கிறார்கள். நிஜமாகவே போய்விட்டதா?
– கல்லூரி மாணவி, தேவிபட்டினம்

மறக்கவில்லை, கையில் கயிறு இல்லை, அவ்வளவுதான். என் அப்பாவை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடச் சொன்னபோது இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. தூணில் கயிற்றைக் கட்டி இழுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் நிற்காமல் வந்தது. “கூலி கேட்டா கோவம் வருது, ஏலேலோ, காரப்பொடிதான் பங்கில் வருது, ஐலசா” என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியை வம்புக்கிழுக்கும் வரியெல்லாம் அன்றுதான் கேட்டேன். காரப்பொடி என்பது ஒரு பொடி மீன். வலை தூரத்தில் இருக்கும்போது பாட்டு மெதுவாக இருக்கும், மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். துடுப்புப் போட்ட இடத்தில் இன்ஜின் வந்ததும் வள்ளத்துப் பாட்டு முதலில் நின்றது. அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. கரைவலையை மட்டும் தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் கையால் இழுக்கிறார்கள். அங்கே போங்கள்.

மேலே சொன்ன ஏ.பி. கார்ட்டர் மலை மலையாகப் பாட்டுச் சேகரிக்கப் போகும்போது லெஸ்லி ரிடில் என்ற கறுப்பின கிட்டார்க்காரரைக் கூட்டிக்கொண்டு போவார். கார்ட்டர் வார்த்தையை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனசில் வாங்கிக்கொள்வார். நீங்களும் இரண்டு பேராகப் போங்கள். காற்று அமர்ந்திருக்கும் விடியற்காலையில் போங்கள். போனின் மைக் ஓட்டையில் மெல்லிய துணி ஒரு சுற்றுச் சுற்றுங்கள், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நில்லுங்கள். யாரையும் “பாடுங்க” என்று கேட்காதீர்கள். கயிற்றின் வாலில் ஒரு இடம் கேட்டு, நீங்களும் பிடித்து இழுங்கள்.