வாசகர் கேள்வி: வெப்பமான நாளிலும் கார்புரேட்டரில் பனி உறையுமா?

கேள்வி: இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி வருகிறேன். 3.3 லிட்டர் கொள்ளளவும் 100 குதிரைத்திறனும் உள்ள நான்கு சிலிண்டர் இன்ஜின். காற்றில் பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் அதன் அடிப்புறத்தில் உள்ளது. பெரும்பாலும் 25 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பறப்பேன் என்பதால், கார்புரேட்டருக்குச் சூடான காற்றைக் கொடுக்கும் ஏற்பாட்டை விட்டுவிடலாமா? வைத்தே ஆக வேண்டுமெனில், அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பதில்: விட்டுவிடக் கூடாது. பெட்ரோல் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டரின் நடுவே ஒடுங்கிய குழாயான வெஞ்சுரியின் குறுகலில் அழுத்தம் குறைவதால் காற்று மேலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்தால் வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் இறங்கிவிடக்கூடும் என்பதால், ஈரப்பதம் மிகுந்த காற்றில் வெளியே 25 டிகிரி இருக்கும்போதே, உள்ளே செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தகட்டின் விளிம்பில் பனி படியத் தொடங்கும். தரையிறங்குவதற்காகத் த்ராட்டிலைக் குறைத்து வரும் நேரமே மிகவும் ஆபத்தானது. தகடு ஏறக்குறைய மூடியிருக்கும் அப்போது, மெல்லிய பனிப் படிவே வழியை அடைத்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை, அமெரிக்க விமான விதிகளில் நெடுங்காலம் இருந்த அளவுகோலையே நானும் பின்பற்றச் சொல்வேன். வெளிக்காற்று மைனஸ் 1 டிகிரியில் இருக்க, இன்ஜின் 75 சதவீதத் திறனில் ஓடும்போது, உள்ளே செல்லும் காற்றின் வெப்பநிலை 50 டிகிரி உயர வேண்டும் என்பது அந்த விதி. உங்கள் இன்ஜின் அந்த நிலையில் மணிக்குச் சுமார் 200 கிலோ காற்றை உறிஞ்சும். அதை 50 டிகிரி சூடேற்றக் கிட்டத்தட்ட 3 கிலோவாட் தேவை, அதாவது மூன்று இஸ்திரிப் பெட்டிகள் முழு வீச்சில் சூடாவதற்குச் சமம். புகைக்குழாயில் இதைவிடப் பன்மடங்கு வெப்பம் வீணாகிறது. அதைக் காற்றுக்கு மாற்றுவதுதான் கடினம். புகைக்குழாயின் மேல் வெறும் தகட்டு உறையைச் சுற்றிவிட்டு அதனுள் காற்றைச் செலுத்தினால் காற்று குழாயைத் தொடாமலே நழுவிவிடும். குழாயின் மேல் கம்பிச் சுருள் சுற்றியோ சிறு முளைகளைப் பற்றவைத்தோ காற்றைக் கலக்கிவிட்டால், உறை சிறியதாக இருந்தாலும் போதிய வெப்பம் கிடைக்கும். வரைபடத்தை நம்பாமல், கார்புரேட்டர் வாயில் வெப்பமானி பொருத்தி அளந்து பாருங்கள்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சூட்டுக் காற்று தேவைப்படாத நேரத்திலும் உறைக்குள் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூட்டுக் காற்றைக் கார்புரேட்டருக்கு விடும் கதவை மூடியதும் காற்று உறைக்குள்ளேயே தேங்கிவிட்டால், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி வெடிப்பு விடும். பிறகு சூட்டுக் காற்றோடு புகையும் கார்புரேட்டருக்குள் போகும். ஆகவே மூடிய நிலையில் அந்தக் காற்று விமானத்துக்கு வெளியே கொட்டும்படி, கதவு உள்ள காற்றுப் பெட்டியை அமையுங்கள். உறையைக் கழற்றிக் குழாயைப் பார்வையிடவும் வசதி இருக்கட்டும்.

அந்தக் கதவு சரியாகப் பொருந்தாமல் சூடு கசிந்தால், ஒவ்வொரு 5.5 டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ 1 சதவீதத் திறன் குறையும், அதுவும் மேலெழும்பும்போது. கதவின் கீல், ரிவெட், திருகு எல்லாம் ஃபில்டரைத் தாண்டி இருப்பவை என்பதையும் மறக்க வேண்டாம். ஆணியை இழுத்துப் பொருத்தும், உள்ளே துளையுள்ள பாப் ரிவெட்டின் நடுவே தங்கிய ஆணித்துண்டு உதிர்ந்தால் அது போய்ச் சேருமிடம் கார்புரேட்டர்தான். எனவே நான் முழு ரிவெட்டையே தேர்ந்தெடுப்பேன். சூட்டுக் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை என்பதால், தரையில் சோதனைக்கு மேல் அதைத் திறந்து வைக்கக் கூடாது.

கேள்வி: காற்று நுழையும் வாயை முன்னோக்கி வைத்தால் திறன் கூடுமா?

பதில்: கூடும், ஆனால் அற்பமாக. மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் முழுவதும் கிடைத்தாலும், அது கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 1.6 சதவீதம்தான். வளைவுகள் நிறைந்த சுருள்குழாய் ஒன்றே அதை விழுங்கிவிடும். முழு வேகத்தில் வினாடிக்கு 65 லிட்டர் காற்று தேவைப்படும் இத்தகைய இன்ஜினுக்கு 63 மில்லிமீட்டர் விட்டமுள்ள, குட்டையான, வளைவு குறைந்த குழாய் போதும். இரட்டைச் சுவர்க் குழாயை மட்டும் இங்கே பயன்படுத்தாதீர்கள். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் உட்சுவர் உறிஞ்சலில் பிரிந்து சரிந்து வழியை அடைத்துவிடும்.