விண்வெளிச் சிறையிலிருந்து தப்பிக்கும் காட்சிக்கு ஒரு யோசனை

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்துப் பூட்டுத் திருடன் விண்வெளிச் சிறையில் மாட்டிக்கொள்ளும் உங்கள் சித்திரக்கதையை ரசித்துப் படித்தேன். அவன் கதவைத் திறந்து வெளியே குதிக்கும் முடிவு சப்பென்று இருப்பதாக நண்பர்கள் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குதித்தால் அவன் பூமியில் விழமாட்டான். 400 கிலோமீட்டர் உயரத்தில் சிறை மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். அவனும் அதே வேகத்தில் கூடவே சுற்றுவான். வார்டன் சன்னல் வழியே அவனைப் பார்த்துக்கொண்டே பசியாறலாம்! அதை முழுப் பக்கத்துக்கு வரையுங்கள்.

தப்பிக்கும் வழி சமையலறையில் இருக்கிறது. எடையில்லாத இடத்தில் பரோட்டாத் துணுக்குகள் கீழே விழாது, மிதக்கும். நிஜ விண்வெளி நிலையத்தில் ரொட்டிக்குப் பதில், அதிகம் உதிராத சப்பாத்தி போன்ற டார்ட்டியா சாப்பிடுவது இதனால்தான். மிதக்கும் சாமான்கள் காற்றை உள்ளிழுக்கும் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். சரி, வார்டன் தொலைத்த சாவியும் அங்கேயே வரட்டுமே! வலையைத் துடைக்கும் வேலையை உங்கள் ஆளுக்குக் கொடுங்கள், போதும்.

தே தாரிக்கையும், அதாவது இழுத்து ஆற்றும் பால் தேநீரையும் விடாதீர்கள். சமையல்கார அண்ணன் என்னதான் இழுத்து ஆற்றினாலும் அது கீழே இறங்காது, உருண்டையாகத் திரண்டு நேராக வார்டன் மூக்கில் போய் ஒட்டும்.

அப்புறம், எல்லார் வசனத்தின் கடைசியிலும் சிங்கப்பூர்ப் பேச்சில் வரும் ‘லா’ வேண்டாம். அந்த அண்ணனுக்கு மட்டும் வைத்தால் அவர் குரல் தனியாகக் கேட்கும். வரைந்ததும் கட்டாயம் காட்டுங்கள்.