கராத்தே எங்கிருந்து வந்தது, மகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. கராத்தே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாள். வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. ஷோட்டோகான் என்ற பாணியைச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர், "நம்ம காஞ்சிபுரத்துப் போதிதர்மர் சீனாவுக்குக் கொண்டுபோன கலை இது, அதை மாறாமல் காப்பாற்றுவது நாங்கள்தான்" என்கிறார். கோஜு ரியூ என்ற இன்னொரு பாணியின் மாஸ்டரோ, "ஒகினாவாவின் அசல் கராத்தே எங்களுடையதுதான்" என்கிறார். யார் சொல்வது சரி? எதில் சேர்க்கலாம்? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பழமையை வைத்து வகுப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அம்மா. ஷோட்டோகான், கோஜு ரியூ என்ற பெயர்கள் வந்தே இன்னும் நூறு ஆண்டு நிறையவில்லை.

முதலில் போதிதர்மர். அவர் தென்னிந்திய மன்னர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று ஒரு பழைய சீனக் குறிப்பு சொல்கிறது. 547ஆம் ஆண்டைச் சேர்ந்த இன்னொரு நூல் அவரைப் பாரசீகர் என்கிறது. இரண்டிலும் அவர் ஒரு துறவி. கைச்சண்டை பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் சீனாவின் ஷாவோலின் மடத்தில் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்தார் என்ற கதை 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்துதான் பரவியது. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. நானும் சிறு வயதில் இந்தக் கதையைக் கேட்டுப் பூரித்தவன்தான். ஆனால் இதை வரலாறு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் மண்ணிலேயே சிலம்பமும் வர்மமும் இருக்கும்போது கராத்தேக்குச் சொந்தம் கொண்டாடவேண்டிய தேவையும் நமக்கு இல்லை.

கராத்தே பிறந்த இடம் ஒகினாவா. இன்று அது ஜப்பானின் ஒரு மாநிலம், 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு. கடல் வாணிபத்தில் வாழ்ந்த அந்த அரசுக்குச் சீனாவின் ஃபுஜியான் கரையோடு நூற்றாண்டுகளாகப் போக்குவரத்து இருந்தது. உள்ளூரில் 'தே' என்ற கைச்சண்டை முறை இருந்தது. 'தே' என்றால் கை. அதோடு சீன முறைகள் கலந்தபோது அதை 'சீனக் கை' என்ற பொருளில் அழைத்தார்கள். ஆயுதம் பறிக்கப்பட்ட உழவர்கள் சாமுராய்களை எதிர்க்க உருவாக்கியது கராத்தே என்று பல வகுப்புகளில் சொல்வார்கள். அதுவும் பொருந்தாது. நமக்குப் பெயர் தெரிந்த பழைய ஆசான்களில் பலர் அரண்மனையைச் சார்ந்த அதிகாரக் குடும்பத்தினர். மட்சுமுரா சோகோன் ரியூக்யூ மன்னர்களின் மெய்க்காவலராகவே இருந்தவர்.

உங்கள் ஊரின் இரண்டு வகுப்புகளுக்கும் வேர் இந்த ஒகினாவாதான். மட்சுமுராவின் வழியில் இட்டோசு, அவர் வழியில் ஃபுனாகோஷி கிச்சின் என்று தலைநகர் ஷூரியிலிருந்து வந்த கிளை ஷோட்டோகான். நாஹா துறைமுகத்திலிருந்து சீனாவின் ஃபுஜோவுக்குப் போய்க் கற்றுவந்த ஹிகாஒன்னா கான்ரியோ, அவர் மாணவர் மியாகி சோஜுன் என்று வந்த கிளை கோஜு ரியூ. ஆக, ஒகினாவா எங்களுக்கு மட்டும்தான் என்று யாரும் சொல்ல முடியாது.

இதில் நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ளவேண்டியவர் இட்டோசு அன்கோ. அதுவரை ஒரு ஆசானும் ஓரிரு சீடர்களும் மறைவாகப் பழகிய கலையை, 1901 வாக்கில் ஷூரியின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆபத்தான பிடிகளையும் தாக்குதல்களையும் பின்னுக்குத் தள்ளி, வரிசையாக நின்று எல்லாரும் ஒன்றாகச் செய்யக்கூடிய பயிற்சியாக மாற்றினார். பிள்ளைகளுக்காகவே 'பினான்' என்ற ஐந்து கட்டாக்களை அமைத்தார். கட்டா என்றால் தாக்குதலும் தடுப்புமாக வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியாகச் செய்து பழகுவது. ஷோட்டோகானில் உங்கள் மகள் தொடக்கத்தில் கற்கப்போகும் 'ஹெய்யான்' இதுதான், பெயரை மாற்றியவர் ஃபுனாகோஷி. கோஜு ரியூவில் தொடக்கத்தில் வரும் 'கெகிசாய்' கட்டாவையும் இளைஞர்களிடம் கராத்தேயைப் பரப்புவதற்காக 1940 வாக்கில்தான் மியாகி அமைத்தார். இரண்டு வகுப்பிலும் பிள்ளைகள் முதலில் கற்பது, பிள்ளைகளை மனதில் வைத்து ஆசிரியர்கள் புதிதாகச் செய்தது. இதை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. யாருக்குக் கற்றுக்கொடுக்கிறோம் என்று யோசித்து மாற்றியவர்களால்தான் இந்தக் கலை பிழைத்தது.

பள்ளி ஆசிரியரான ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டினார். ஜூடோவை நிறுவிய கானோ ஜிகோரோ அவரைத் தன் பயிற்சிக்கூடமான கோடோகானுக்கு அழைத்து ஆதரித்தார். வெள்ளை உடை, பெல்ட், 'டான்' தரவரிசை எல்லாம் ஜூடோவிலிருந்து கராத்தேக்கு வந்தவை. 'சீனக் கை'யும் 'வெறுங்கை'யும் ஜப்பானிய மொழியில் ஒரே மாதிரி 'கராத்தே' என்றுதான் ஒலிக்கும், எழுதும் எழுத்துதான் வேறு. சீனாவோடு ஜப்பானுக்குப் பகை முற்றிய காலத்தில், 1936 அக்டோபர் 25 அன்று நாஹாவில் கூடிய ஆசான்கள் 'வெறுங்கை' என்ற எழுத்தையே ஏற்றார்கள். போருக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் வழியாகப் போட்டிகள் வளர்ந்தன. 1970இல் முதல் உலகப் போட்டி டோக்கியோவில் நடந்தது.

சரி, வகுப்புக்கு வருவோம். ஷோட்டோகானில் அகலமாகக் கால் வைத்துத் தாழ்ந்து நிற்பார்கள், தூரத்திலிருந்து பாய்ந்து அடிப்பார்கள். கோஜு ரியூவில் நெருங்கி நிற்பது, வட்டமான தடுப்பு, மூச்சுப் பயிற்சி அதிகம். பத்து வயதில் இரண்டுமே நல்லதுதான். ஆகவே பாணியை விட்டுவிட்டு, சொல்லிக்கொடுப்பவரைப் பாருங்கள். இரண்டு வகுப்பிலும் ஒரு நாள் முழு நேரமும் உட்கார்ந்து கவனியுங்கள். கட்டா முடிந்ததும் ஒரு அசைவைக் காட்டி, "இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் ஒரு மாணவரை எதிரே நிறுத்தி அந்த இடத்திலேயே செய்து காட்டுவார். "அது அப்படித்தான்" என்று மழுப்பினால் யோசியுங்கள்.

ஒன்றரை வருடத்தில் பிளாக் பெல்ட் என்று வாக்குக் கொடுக்கும் இடத்தில் சேர்க்காதீர்கள். பிளாக் பெல்ட்டின் முதல் நிலைக்கு 'ஷோடான்' என்று பெயர், தொடக்கப் படி என்று பொருள். ஓடு உடைப்பது, தரையில் கை முஷ்டியைக் குத்திக் கெட்டியாக்குவது எல்லாம் எலும்பு வளரும் வயதில் வேண்டாம். கோஜு ரியூவின் சான்சின் கட்டாவில் மாணவரின் தோளிலும் முதுகிலும் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. குழந்தைகளிடம் அது மெல்லத் தொட்டுத் திருத்துவதாக இருக்கவேண்டும், அடியாக இருக்கக் கூடாது. சண்டைப் பயிற்சியில் தலையில் அடிபடாமல் இருக்க என்ன செய்கிறார்கள், பாதுகாப்புக் கவசம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஒலிம்பிக் ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள். கராத்தே 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மட்டும்தான் இடம்பெற்றது. ஆண்கள் கட்டாவில் ஒகினாவாக்காரரான கியூனா ரியோ தங்கம் வென்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பிறந்த மண்ணுக்கே அந்தப் பதக்கம் போனதே என்று. 2024 பாரீஸில் கராத்தே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1994 முதல் இருக்கிறது. மகளுக்குப் போட்டியில் ஆர்வம் வந்தால், வகுப்பு எந்தச் சம்மேளனத்தோடு இணைந்திருக்கிறது என்பதை அப்போது விசாரித்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு இரண்டு இடத்திலும் ஒரு வாரம் பழகிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அப்புறம் எங்கே போகணும் என்று அவளையே கேளுங்கள். ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல் மாதாமாதம் கட்டுங்கள்.