அரசியல் சட்டத்தில் கை வைக்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசியல் சட்டத்தை நூறு முறைக்கு மேல் திருத்திவிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் நம் உரிமைகளில் எதை வேண்டுமானாலும் பறித்துவிடலாம் போலிருக்கிறது. இனி அதில் யாரும் கை வைக்கவே கூடாது என்று விதித்துவிட்டால் என்ன?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அச்சம் நியாயமானது. நீங்கள் சொல்லும் தீர்வைத்தான் ஏற்க முடியவில்லை.

எதை வேண்டுமானாலும் பறிக்க முடியாது. அரசியல் சட்டத்தின் உயிர்நாடியான கொள்கைகளை, அதாவது அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கும் திருத்தம் செல்லாது என்று 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பானது. ஏழுக்கு ஆறு, ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் தப்பினோம்.

ஆனால் 1975ஐ எண்ணிப் பாருங்கள். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலையில்தான். சொன்ன காரணம் 'உள்நாட்டுக் குழப்பம்'. அந்தச் சொல்லும், உயிர் வாழும் உரிமைக்காக நீதிமன்றம் போவதையே தடுக்கும் அதிகாரமும் பின்னால் யாரும் நுழைத்தவை அல்ல. 1950இன் மூலச் சட்டத்திலேயே இருந்தன. விசாரணையின்றிச் சிறைவைக்க உதவிய மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் ஆட்கொணர்வு மனு (அடைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் மனு) உச்ச நீதிமன்றத்தில் வந்தபோது, சொந்தப் பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால் பரிகாரம் உண்டா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறும் பதில் இது. நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்தார். 1977இல், அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவரிடம் போயிற்று.

அந்த ஓட்டையை அடைத்ததும் ஒரு திருத்தம்தான்: 1978இன் 44ஆவது திருத்தம். 'உள்நாட்டுக் குழப்பம்' போய் 'ஆயுதம் தாங்கிய கிளர்ச்சி' வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் இருந்தாக வேண்டும். நெருக்கடி நிலையிலும் உயிர் வாழும் உரிமையை நிறுத்திவைக்க முடியாது. நம் மாநிலத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துத் தந்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாமல் போன பிறகு, கல்வியில் இட ஒதுக்கீட்டைக் காப்பாற்றியது 1951இன் முதல் திருத்தம். பேச்சுரிமைக்குப் புதிய கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்ததும் அதே திருத்தம் என்பதை மறைக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் ஆதரிக்கவோ எதிர்க்கவோ வேண்டும்.

உங்கள் கோபம் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குண்டர் சட்டம், தேசியப் பாதுகாப்புச் சட்டம் என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, குற்றம் நிரூபிக்கப்படாமலேயே முன்கூட்டி அடைத்துவைக்கும் அந்தத் தடுப்புக் காவலுக்கும் 44ஆவது திருத்தத்தில் கடிவாளம் உண்டு. காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுவின் கருத்தில்லாமல் ஒருவரை அடைத்துவைக்கும் உச்ச வரம்பை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. பணியில் உள்ள உயர் நீதிமன்ற நீதிபதியே குழுவுக்குத் தலைவராக இருக்க வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய இந்தப் பகுதி நடைமுறைக்கு வரவே இல்லை. அமல்படுத்துமாறு அரசுக்கு ஆணையிட முடியாது என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். எத்தனையோ கட்சிகள் டெல்லியில் ஆண்டுவிட்டன, யாரும் வெளியிடவில்லை. அடுத்த முறை உங்கள் தொகுதி எம்.பி. ஊருக்கு வரும்போது ஏன் என்று கேளுங்கள்.