தள்ளுதற்சீட்டு யார் கையில்?

கேள்வி: யூதப் பெண்ணுக்குப் பிறந்தால் யூதர், தந்தை எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு மிக உயர்ந்த இடம் தந்த மதம் யூதம்தான் என்று சொல்லலாம் அல்லவா? – ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வெள்ளிக்கிழமை இரவு மட்டும் சொல்லிக்கொள்ளலாம். ஓய்வுநாள் தொடங்கும் அந்த இரவில் சாப்பாட்டு மேசையில் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தைப் பாடுவது யூதக் குடும்பங்களின் வழக்கம். குணசாலியான மனைவியின் விலை முத்துக்களைவிட உயர்ந்தது என்று தொடங்கும் பகுதி. அவள் வெறுமனே அடுப்படியில் நிற்பவளும் அல்ல. வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சைத் தோட்டம் போடுகிறாள். பொழுது விடிந்ததும் அதே கணவர், பழைமை மாறாதவர் என்றால், தன்னைப் பெண்ணாகப் படைக்காததற்காக இறைவனைத் துதித்துக் காலை ஜெபத்தைத் தொடங்குவார். பழைமை மாறாத ஜெபாலயங்களில் கூட்டு ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். ஒன்பது ஆண்களும் நாற்பது பெண்களும் வந்திருந்தால், பத்தாவது ஆள் வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். எந்த மதத்தில்தான் இல்லை? நான் பார்ப்பது விவாகரத்தை.

கணவர் மனைவிக்குக் கொடுக்கும் விவாகரத்துச் சீட்டு உங்கள் ஊர் வேதாகமத்தில் ‘தள்ளுதற்சீட்டு’ என்று இருக்கும்; யூதர்கள் அதை ‘கெட்’ என்கிறார்கள். அச்சடித்த படிவம் செல்லாது. கணவர் கேட்டுக்கொள்ள, எழுத்தர் அந்தப் பெண்ணுக்கென்றே பன்னிரண்டு வரிகளைக் கையால் எழுதவேண்டும். இருவருடைய பெயர்களோடு வழங்குபெயர்களும் வரும். ஊரோடு அங்கே ஓடும் ஆறும் வரும். பிறகு சாட்சிகளுக்கு முன்னால் மனைவி இரு கைகளையும் குவித்து நீட்டி நிற்பாள். மடித்த தாளைக் கணவர் அதில் போடுவார். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலடி நடப்பாள். அந்த நாலடியில் விடுதலை.

கணவர் போடாவிட்டால்? அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: அகுனா. நங்கூரத்தோடு தொடர்புடைய சொல்; கட்டி நிறுத்தப்பட்டவள் என்று கொள்ளுங்கள். கணவர் கொடுக்க மறுத்தாலும், எங்கோ காணாமல் போய்விட்டாலும் அவள் மறுமணம் செய்ய முடியாது. கெட்டைக் கணவர் மனமுவந்து கொடுத்தாக வேண்டும் என்பதால், நீதிமன்றம் அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட்டு முடித்துவைக்கவும் வழியில்லை. 12ஆம் நூற்றாண்டில் யூத மதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் இதற்கு ஒரு வழி கண்டார்: கொடுக்கக் கடமைப்பட்டவர் மறுத்தால், “சம்மதம்” என்று சொல்லும்வரை அடிக்கலாம், சொல்லிவிட்டால் அது சொந்த விருப்பமே. சிரிக்காதீர்கள். கணவர்களைக் கடத்தி அடித்து கெட் வாங்கித் தருவதைக் கட்டணத் தொழிலாகவே நடத்திய ரபிகளை (யூத மதகுருக்களை) 2013-ல் அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. கைது செய்தது, அவர்களுக்குச் சிறைத்தண்டனையும் கிடைத்தது.

இது ஏதோ பழங்கதை என்று எண்ணவேண்டாம். இஸ்ரேலில் 1953-ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணமுறிவும் ரபிகளின் நீதிமன்றத்துக்கே உரியவை. நீதிபதிகள் அனைவரும் ஆண்கள். கடவுளே இல்லை என்பவர்களும் அங்கேதான் போகவேண்டும். விமானம் ஏறி சைப்ரஸில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்த யூதத் தம்பதியும் பிரிவதென்றால் அதே படிக்கட்டு. 1995-ல் வந்த சட்டம், அடம்பிடிக்கும் கணவரின் பாஸ்போர்ட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் முடக்க, சிறையில் தள்ளவும்கூட, அந்த நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்பே 30 ஆண்டுகளுக்கும் மேல் சிறையில் கிடந்து, கெட் கொடுக்காமலே செத்துப்போனவரும் அந்த நாட்டில் உண்டு.

ரபிகள் எல்லாக் காலத்திலும் கைகட்டி நின்றார்கள் என்று சொன்னால் அதுவும் பொய். பிரிந்தால் மனைவிக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிவைக்கும் திருமணப் பத்திரம், ‘கெத்துபா’, ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபி கெர்ஷோம் இரண்டாம் தாரத்தைத் தடுத்தார். மனைவியின் சம்மதமில்லாமல் அவளைத் தள்ளிவிடுவதையும் தடுத்தார். அதன் பிறகும், மனைவி கெட் வாங்க மறுத்தால், நூறு ரபிகளின் ஒப்புதலோடு கணவர் மறுமணம் செய்துகொள்ள ஒரு சந்து விடப்பட்டது. மனைவிக்கு அப்படி நூறு ரபிகள் கிடையாது, ஆயிரம் பேர் கூடினாலும்.

இந்தக் கட்டை அறுத்தவர்களும் யூதர்களே. பழைய விதிகளைத் தளர்த்திய அமெரிக்கச் சீர்திருத்தப் பிரிவு யூதர்கள் குடிமைச் சட்ட விவாகரத்தே போதும் என்கிறார்கள். உலகின் முதல் பெண் ரபி ரெகினா யோனாஸ் 1935-ல் ஜெர்மனியில் பட்டம் பெற்றார். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். அமெரிக்காவில் 1972-ல் சாலி பிரீசாண்டை ரபியாக்கியது சீர்திருத்தப் பிரிவு. வேடிக்கை என்னவென்றால், பிள்ளை யூதராக வளர்ந்தால், தந்தை மட்டும் யூதராக இருந்தாலும் போதும் என்று 1983-ல் அறிவித்ததும் இதே பிரிவுதான். நீங்கள் பெண்ணுக்குக் கிடைத்த மகுடமாகக் கருதும் விதியை விடாமல் பிடித்திருப்பவர்களில், பெண்ணை ரபியாக்கத் தயங்கும் பழைமைவாதிகளும் உண்டு.

அந்தத் தாய்வழி விதியின் மறுபக்கத்தையும் பாருங்கள். கெட் கிடைக்காத பெண் வேறொரு யூதருடன் வாழ்ந்து பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளை ‘மம்சேர்’. தாய் யூதப் பெண் என்பதால் அதுவும் யூதர்தான். ஆனால் பிறப்பால் யூதரான, இந்தக் கறையில்லாத எவரையும் மணக்க முடியாது, அதன் சந்ததிக்கும் அதே தடை. கெட் தர மறுத்த கணவர் திருமணமாகாத ஒரு யூதப் பெண்ணிடம் பெறும் பிள்ளைக்கோ எந்தத் தடையும் இல்லை.