மலைக்காட்டில் மகளுக்குப் பங்கு உண்டா? – கேள்வி பதில்

கொல்லிமலையிலிருந்து ஒரு தங்கை: அப்பா தவறிவிட்டார். காபியும் மிளகும் போட்ட காடு, பட்டா அவர் பெயரில். "பழங்குடியில் பொண்ணுக்குப் பங்கு இல்லை, சட்டமே அப்படித்தான்" என்கிறார் அண்ணன். நிஜமாங்க அக்கா?

பாதிதான் நிஜம், அம்மிணி. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியே அறிவிக்காத வரை பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பிரிவு 2(2) அப்படிச் சொல்கிறது. அதற்காகப் பங்கே கிடையாது என்று ஆகிவிடாது. "எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு இல்லை" என்பவர்தான் அந்த வழக்கம் காலங்காலமாக விடாமல் நடந்து வருவதை நிரூபிக்க வேண்டும். சத்தீஸ்கர் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில், அப்படி எதுவும் நிரூபிக்கப்படாததால் மகள்வழி வாரிசுகளுக்குச் சம பங்கு கொடுத்தது உச்ச நீதிமன்றம் (ஜூலை 2025). சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் இதே வழியில்தான் போனது. உங்கள் நாட்டில் (மலையில் உங்கள் ஊர்கள் சேர்ந்த பகுதியில்) யார் வீட்டிலாவது மகளுக்குக் காடு பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா என்று ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடமும் பெரியவர்களிடமும் விசாரியுங்கள். ஒரு குடும்பம் கிடைத்தாலே அண்ணன் வாதம் ஆட்டம் கண்டுவிடும்.

அவரே: பட்டா மாற்றத்துக்கு என்று ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறாரே?

படிக்காமல் போடவே போடாதீங்க. உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருந்தால் உங்கள் பங்கு அதோடு போச்சு. வாரிசுச் சான்றில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் தாலுகா ஆபீசில் பாருங்கள்.

பர்கூர் மலை: கொல்லிமலைக்காரர்களைப் போல நாங்களும் மலையாளிகள்தான் (கேரளத்தார் இல்லை, மலையாளி என்ற மலைவாழ் சமூகம்). எங்களுக்கும் இதேதானா?

இல்லைங்க. ஈரோடு மாவட்ட மலையாளிகளைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் 2(2) உங்களைத் தடுக்காது. மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் நேரடியாக உண்டு. நீங்கள் போராடிக் கேட்கும் பழங்குடிச் சாதிச் சான்று நாளை கிடைத்தால், மகளின் இந்த உரிமை மத்திய அரசின் அறிவிப்புக்குக் காத்து நிற்க வேண்டியதாகிவிடும். இது எந்த ஊர் நியாயம்? சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்கும்படி 2022 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. அதை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

ஆனைகட்டி: வன உரிமைப் பட்டா வீட்டுக்காரர் பெயரில் மட்டும் இருக்கிறது.

தப்பு. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 4(4)-இன்படி கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். அந்த நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. கிராம சபையில் சொல்லி, கோட்டாட்சியருக்குத் திருத்த மனு கொடுங்கள்.

தாளவாடி: வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. ஆதார், வாரிசுச் சான்று, பட்டா நகல் கையில் இருக்கட்டும்.