எம்13-இன் நடுவே வெள்ளைத் திட்டு

வணக்கம். கூரை நகரும் சிறு வானாய்வுக் கூடம் ஒன்றை வீட்டில் அமைத்திருக்கிறேன். 200 மி.மீ. எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி; குவியத் தூரம் விட்டத்தைப்போல் 5 மடங்கு), 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட குளிரூட்டும் கலர் கேமரா. எம்13 கோளக் கொத்தை (பந்துபோல் நெருங்கிய விண்மீன் கூட்டம்) 300 வினாடி வீதம் 24 படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து ஸ்டாக் செய்தேன். நடுப்பகுதி வெள்ளைத் திட்டாகிவிட்டது, ஓரத்து விண்மீன்கள் நீண்டிருக்கின்றன. பெரிய தொலைநோக்கி வாங்க வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம். உங்கள் கருவியில் ஒரு பிக்சல் வானத்தில் சுமார் 0.78 வில்விநாடியைக் காட்டும் (ஒரு வில்விநாடி என்பது டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு). எம்13-க்கு அது தாராளம்.

கோளாறு அந்த 300 வினாடியில்தான். நெபுலாவுக்குச் சரியான எக்ஸ்போஷர் கொத்துக்கு அதிகம். பிக்சல் நிரம்பினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்ச எண்ணான 65,535-ஐத் தொட்டு நிற்கும். செம்பெருமீனும் நீல விண்மீனும் ஒரே வெள்ளையாகிவிடும். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. 30 வினாடி வீதம் 240 படங்கள் எடுங்கள், மொத்தம் அதே 2 மணி நேரம். முதல் படத்தைப் பெரிதாக்கி, நடுவிலுள்ள பிரகாசமான விண்மீனின் பிக்சல் எண்ணைப் பாருங்கள். 50,000-ஐத் தாண்டினால் கெய்னை (கேமரா சிக்னலைப் பெருக்கும் அளவை) குறையுங்கள். சில படங்களுக்கு ஒருமுறை டிதரிங் (தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்துவது) கட்டாயம். இல்லாவிட்டால் ஹாட் பிக்சல் (ஒளி படாமலே ஒளிரும் பழுதான பிக்சல்) கொத்துக்குள் விண்மீனாகவே வேடம் போட்டுவிடும், கண்டுபிடிக்கவே முடியாது.

விண்மீன் பருத்தாலும் நடுப்பகுதி ஒட்டிக்கொள்ளும். கூரையை ஒரு மணி நேரம் முன்பே திறந்து, கண்ணாடிக்குப் பின்னாலுள்ள விசிறியை ஓடவிடுங்கள். கண்ணாடியும் தரையும் சூடாக இருக்கும்வரை மேலெழும் காற்று படத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும். பாட்டினோவ் மாஸ்க் (ஃபோகஸ் பார்க்கத் தொலைநோக்கியின் முன்னால் வைக்கும் கோடு வெட்டிய தட்டு) வைத்து ஃபோகஸ் செய்யுங்கள். வெப்பநிலை ஓரிரு டிகிரி இறங்கினால் மறுபடியும் பாருங்கள். இரவு தொடங்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு.

ஓரத்து நீட்சிக்கு மருந்து அதன் திசையைப் பொறுத்தது. எல்லா விண்மீன்களும் ஒரே பக்கம் நீண்டால் துருவ ஒழுங்கமைப்பையும் (தாங்கியின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பது) கைடிங்கையும் (விண்மீனைப் பின்தொடரும்போது திருத்துவது) பாருங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கி வால்விட்டால் அது கோமா எனும் ஒளியியல் குறை. எஃப்/5-இல் அதைத் திருத்தும் லென்ஸான கோமா கரெக்டர் இல்லாமல் தப்ப முடியாது. பெரும்பாலான கரெக்டர்களுக்குச் சென்சார் அவற்றிலிருந்து 55 மி.மீ. தொலைவில் இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கெட்டால் கேமரா சாய்ந்திருக்கிறது.

ப்ராசஸிங்கில், படம் லீனியராக (பிரகாசத்தைக் கூட்டாத மூல நிலையில்) இருக்கும்போதே நிறத்தைச் சரிசெய்துவிட்டு, பிறகு ஆர்க்சின்ஹெச் எனும் கணித வளைவு முறையில் ஸ்ட்ரெட்ச் செய்யுங்கள் (மங்கலான பகுதிகளைப் பிரகாசமாக்குங்கள்), நிறம் வெளுக்காது. ஷார்ப்பனிங்கை மிகக் குறைவாகவே வையுங்கள். மிஞ்சினால் ஒவ்வொரு விண்மீனையும் சுற்றிக் கறுப்பு வளையம் விழும்.